நடுத்தர வேலை

இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் தேநீர் வந்துவிடும், தேநீர் வந்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், எழுந்தால் போய்விடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஜெசிந்தா மேசைக்கடியில் ஒரு காலை இன்னொரு காலின்மேல் போட்டு இறுக்கினாள். குளிரென்றால் அப்படியொரு குளிர் அந்த அறையில். ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு ரிமோட்டை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே மே மாதத்துச் சென்னை வெந்து புழுங்கிக்கொண்டிருக்கிறது, உள்ளே வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு விதி எழுதுகிற குழு கையைக் கட்டிக்கொண்டு விரல்களை அக்குளில் செருகி உட்கார்ந்திருக்கிறது, நல்ல கூத்து. அந்தக் கூத்தில் பெரிய வேஷம் தனக்குத்தான். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் மனுஷ உடம்பு என்ன பாடுபடும் என்று பாதி ஆயுளை ஆராய்ச்சியில் கழித்த காலநிலை விஞ்ஞானி, சேலைத் தலைப்பைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒன்றுக்குப் போவதை அடக்கிக்கொண்டு. சீ, மனசுக்குள்ளே அந்தச் சொல் வந்ததற்கே கூச்சமாக இருந்தது, யாராவது கேட்டுவிட்டார்களா என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. எழுந்து போகவேண்டியதுதானே என்றால் எப்படிப் போவது? இடது பக்கம் சுவர், வலது பக்கம் வரிசையாக ஆண்கள், நாற்காலிக்குப் பின்னால் ஆள் நுழைய இடமில்லை. அவள் போகவேண்டும் என்றால் ஒவ்வொருவராக எழவேண்டும், கோப்புகளை மூடவேண்டும், என்ன மேடம் கிளம்பிட்டீங்களா என்று ஒருத்தர் கேட்பார், இல்லை இதோ வந்துடறேன் என்று இளிக்கவேண்டும், எங்கே போகிறாள் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். தெரிந்தால் என்னவாம், அவர்கள் போகவில்லையா? உப்பள முதலாளிகள் சார்பில் வந்திருக்கிற பொன்னுலிங்கம் சற்றுமுன்தான் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டி, இந்தா வந்துட்டேன் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டு, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார், ஈரக்கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு. அவருக்குச் சுண்டுவிரல் இருக்கிறது. அவளுக்கும் இருக்கிறது, தூக்கத்தான் முடியவில்லை. அதுவுமில்லாமல் போன கூட்டத்தில் ஒரு நடை வெளியே போய் வருவதற்குள் ஒரு விஷயத்தை முடித்தே விட்டார்கள், உங்களுக்கு ஆட்சேபணை இருக்காதுன்னு நினைச்சோம் மேடம் என்றார்கள், அவளும் இல்லை இல்லை என்றாள். இன்றைக்கு அப்படி விட்டுவிடக் கூடாது என்று ரயிலில் வரும்போதே முடிவு செய்திருந்தாள். அதனால் உட்கார்ந்திருந்தாள்.

இன்றைக்கு விஷயம் ஒன்றே ஒன்றுதான். உப்பளத்தில் உப்பை வாரிக் கூடையில் தலைச்சுமையாகச் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிற வேலை கனமான வேலையா, நடுத்தர வேலையா. வெளியாள் கேட்டால் இதற்கா ஒரு கூட்டம் என்று சிரிப்பான். ஆனால் எல்லாமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. கனமான வேலை என்று எழுதினால், காலை வெயில் ஏற ஆரம்பித்ததுமே மணிக்கு ஒருமுறை வேலையை நிறுத்தி நிழலில் உட்காரவைக்கவேண்டும், கூலியில் கை வைக்கக்கூடாது. நடுத்தரம் என்று எழுதினால் வேலையை நிறுத்தவேண்டிய வெப்ப வரம்பு இரண்டு டிகிரி மேலே போய்விடும், அந்தச் சூடு வந்து சேர்வதற்குள் பெண்கள் அன்றைய உப்பை முழுக்கச் சுமந்து முடித்து வீட்டுக்கே போயிருப்பார்கள். விதி இருக்கும், ஒருநாளும் வேலை செய்யாது, சுவரில் மாட்டிய ஓடாத கடிகாரம் மாதிரி. இது அவளுக்குத் தெரியும், பொன்னுலிங்கத்துக்கும் தெரியும். வெறும் வெயில் என்றால் உடம்பு எப்படியோ சமாளித்துக்கொள்ளும், வியர்க்கும், வியர்வை காயும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும். கடற்காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வியர்வை வழியுமே தவிர காயாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி அளப்பதெல்லாம் அதற்குத்தான், அந்தத் துணி காய வழியில்லாத காற்றில் ஒரு பெண்ணுடம்பும் ஆற வழியில்லை. இதைச் சொல்லவேண்டும், சொல்வதற்குப் படமெல்லாம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள், கூடையின் எடை, ஏறும் சரிவு, நெஞ்சுத் துடிப்பு எல்லாம் இருக்கிறது. "எங்கப்பா காலத்துலேருந்து பாக்கேன், பேசிச் சிரிச்சிக்கிட்டே தூக்குவாளுவ. பழகின உடம்புல்லா," என்றார் பொன்னுலிங்கம். "கனமான வேலைன்னா அது ஹார்பர்ல மூடை தூக்குதது. இது வெறும் கூடை. மேடத்துக்கும் நம்ம தூத்துக்குடிதான, அவங்களுக்குத் தெரியாததா?" அந்த 'நம்ம' இருக்கிறதே, அது அவளைத் தோளில் தட்டி உட்காரவைத்துவிட்டது. வெறும் கூடையா, ஐயா ஒரு கூடையைத் தலையில் வைத்துப் பாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள், திறந்த வாயில் தண்ணீர் பாட்டிலை வைத்துக் குடித்தாள். காலையிலிருந்து இதே கதைதான். அவர் ஒரு பேச்சுப் பேசுவார், இவள் ஒரு மடக்குக் குடிப்பாள். சண்டை வருமென்று தெரிந்தால் கைக்கு ஒரு வேலை கொடுப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வழக்கம், இன்றைக்குக் கிடைத்த வேலை தண்ணீர் குடிப்பது. பாட்டில் காலி. பதில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. சொல்லாத பதிலெல்லாம் இப்போது அடிவயிற்றில் வந்து நின்றது.

ஏட்டி, தண்ணி குடிக்காத, வழியில எங்க போய் நிப்ப? அம்மாவின் குரல். மதுரைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கூஜாவைத் தொட்டால் போதும், அம்மா வெடுக்கென்று பிடுங்கிவிடுவாள். அண்ணன் கேட்டால் கொடுப்பாள், அவன் எட்டயபுரம் தாண்டி எங்கே வேண்டுமானாலும் இறங்கி ஒரு மரத்தைப் பார்த்து நின்றுவிடுவான். பள்ளிக்கூடத்தில் தாழ்ப்பாள் இல்லாத கதவு, உள்ளே ஒருத்தி போனால் வெளியே இன்னொருத்தி காவல். கல்லூரியில் வீட்டுக்கு வரும்வரை அடக்கு. ஆராய்ச்சிக்கு வந்தபிறகும் அதுவேதான், களத்துக்குப் போகிற நாளில் விடிந்ததிலிருந்து ஒரு சொட்டு இறங்காது. அப்படிப் போன ஒரு சித்திரையில்தான் மாரிக்கனியைப் பார்த்தாள். கால்களில் ரப்பர் பூட்ஸ், தலையில் சும்மாடு, மார்பில் இவள் ஒட்டிவிட்ட கருவி. கண்ணைக் கூசவைக்கிற வெள்ளையில் பாத்தி பாத்தியாக நிலம் விரிந்து கிடந்தது, ஒரு முள்செடிகூட இல்லை. நெஞ்சுத் துடிப்பு ஏறுவதைப் பார்த்துப் பதறி ஜெசிந்தா தன் பாட்டிலை நீட்டினாள். "வேண்டாம்க்கா," என்றாள் மாரிக்கனி. "ஏன், குடிங்க, மயக்கம் வந்துரும்." "மயக்கம் வந்தா தண்ணி தெளிச்சு எழுப்பிருவாவ. ஒண்ணுக்கு வந்தா எங்க போவ? நாலு பக்கமும் வெட்டவெளி, லாரிக்காரன் வந்துக்கிட்டே இருக்கான்." சொல்லிவிட்டு இவளையே ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க மட்டும் என்னவாம்? விடிஞ்சதுலேருந்து பாக்கேன், மூடியே திறக்கல." மாட்டிக்கொண்டாள் ஜெசிந்தா. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, அந்த உப்புக்காட்டில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளைகள்போலச் சிரித்தார்கள், மேஸ்திரி என்னவென்று கேட்டான், ஒண்ணுமில்லண்ணே என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அடுத்த வாரம் மாரிக்கனி கூடையோடு குப்புற விழுந்தாள், முகம் பாத்தித் தண்ணீரில். எழுப்பி உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து திரும்பக் கூடையை எடுத்தாள், எடுக்காவிட்டால் அன்றைய கூலி போய்விடும். இவ்வளவையும் பார்த்துவிட்டு வந்து அறிக்கையில் என்ன எழுதினாள் இந்த மகராசி? இதோ மேசைமேல் கிடக்கிறது, எல்லோர் முன்னாலும் ஒரு பிரதி, பார்க்கவேண்டாம் என்றாலும் கண் அங்கேதான் போகிறது. பெண் தொழிலாளர்களிடையே போதிய நீர் அருந்துவது குறித்த விழிப்புணர்வு காணப்படவில்லை. விழிப்புணர்வாம்! உண்மையை எழுத உட்கார்ந்தபோது விரல் கூசியது, அறிவியல் அறிக்கையில் கழிப்பறை, சிறுநீர் என்றெல்லாம் எப்படி எழுதுவது, பெரிய மனிதர்கள் படிப்பார்கள், ஒரு பெண் எழுதியதென்று வேறு தெரியும். தன் கூச்சத்துக்குப் பயந்து அந்தப் பெண்களை முட்டாள்களாக்கிவிட்டாள். பேச்சு ஓய்ந்த நேரத்தில் ஜெசிந்தா அறிக்கையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அப்போதுதான் தேநீர் வந்தது. வந்ததே தப்பு. வாசலோரத்தில் ஊழியர் ஒருவர் பெரிய ஃப்ளாஸ்க்கைச் சாய்த்துக் கோப்பை கோப்பையாக ஊற்ற ஆரம்பித்தார், சளசளவென்று அந்தச் சத்தம் இருக்கிறதே, அட கடவுளே, மாதாவே, வேளாங்கண்ணித் தாயே, யாராவது அந்த ஆளை நிறுத்தச் சொல்லுங்களேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. வேறு எதையாவது நினை. வறண்ட இடம், பாலைவனம், காய்ந்த துணி. காய்ந்த துணி என்றதும் ஈரத்துணி வந்தது, துணியிலிருந்து சொட்டியது, போச்சு. தலைவர் சந்தானகோபாலன் தங்கமான மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார், அதனால்தான் அவரிடம் எதிர்த்துப் பேசவும் வராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்போ நடுத்தரம்னே போட்டுக்கலாமா?" என்றார். "நிறையப் பேசியாச்சு. டாக்டர் மேடம்தான் இதுல நிபுணர். அவங்க சரின்னு சொன்னா முடிச்சுட்டு டீ குடிக்கலாம்." எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லலாம், சொன்னால் ஏன் என்பார்கள், ஏனென்று சொல்லப் படத்தைத் திரையில் போடவேண்டும், பொன்னுலிங்கம் மறுபடி அப்பா காலத்திலிருந்து ஆரம்பிப்பார், டீயை அப்புறம் குடிப்போம் என்பார்கள், இன்னும் எவ்வளவு நேரம், முடியாது, சத்தியமாக முடியாது, இந்த நாற்காலியிலேயே, இத்தனை ஆண்களுக்கு நடுவே, சேலை நனைந்து, அதற்குச் செத்துப்போகலாம். இரண்டாவது கோப்பை நிறைந்தது, மூன்றாவது ஆரம்பித்தது. அவள் தலையை ஆட்டினாள். நிபுணர் தலையாட்டினார். "நன்றி மேடம்," என்றார் சந்தானகோபாலன். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன, வழி கிடைத்தது, யார் முகத்தையும் பார்க்காமல் அவள் வெளியே வந்தாள்.

மாடியின் கோடியில் பெண்கள் என்று எழுதிய கதவில் பூட்டுத் தொங்கியது. ஆண்கள் என்று எழுதிய கதவு திறந்தே கிடந்தது. "சாவி செக்‌ஷன்ல இருக்கும்மா. இந்த மாடியில லேடீஸ் யாரும் இல்லியே, அதான். கீழ போயிடுங்க," என்றார் அங்கே நின்ற ஊழியர், வழி சொன்ன திருப்தியோடு. படிகளில் ஒரு கையால் கைப்பிடியையும் ஒரு கையால் சேலைக் கொசுவத்தையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மாதாவே மாதாவே என்று இறங்கினாள். கடைசியில் ஒரு கதவு திறந்தது, ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. அப்பாடா. உலகத்தில் இதைவிடப் பெரிய சுகம் உண்டா, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, உடம்பு மொத்தமும் இளகி, குளிர் விட்டு, தோள் இறங்கி, மூளை திரும்ப வந்து உட்கார்ந்தது. மூளை வந்ததும் முதல் வேலையாக என்ன செய்தோம் என்பதைக் கொண்டுவந்து முன்னால் வைத்தது. நடுத்தர வேலை. மாரிக்கனியின் தலைமேல் அந்தக் கூடையை இவளே தூக்கி வைத்த மாதிரி இருந்தது. எதற்காக? பயமுறுத்தினார்களா, பணம் கொடுத்தார்களா, மிரட்டினார்களா? ஒன்றுமில்லை. ஒன்றுக்கு. அவள் சுவரில் சாய்ந்து நின்று சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. நாளைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். தரவுகளை மறுபரிசீலனை செய்ததில் என்று ஆரம்பிக்கலாம். எந்தத் தரவு, நேற்று இல்லாதது இன்றைக்கு எங்கிருந்து வந்தது என்று பொன்னுலிங்கம் கேட்பாரே. காதில் சரியாக விழவில்லை என்று சொல்லலாம். தலை சுற்றியது, உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், ஐயோ பாவம், ரெஸ்ட் எடுங்க மேடம் என்பார்கள், ஆனால் தலையாட்டினது தலையாட்டினதுதான் என்பார்கள். எந்தப் பக்கம் சுற்றிவந்தாலும் அந்த ஒரு காரணத்தில்தான் வந்து முட்டியது, அதைத் தவிர மற்றதெல்லாம் பொய், பொய்யைப் பிரித்துப்போட அவர்களுக்குத் தெரியும். அதைப் போய் எப்படிச் சொல்வது? கட்டிய புருஷனிடம்கூட, கார் பயணத்தில், காபி குடிக்கணும்போல இருக்கு, எங்கயாவது நிறுத்துங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள், இத்தனை வருஷமாக, வேண்டாத காபியாகக் குடித்துத் தீர்த்திருக்கிறாள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் பார்த்த முகம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மேலே வந்தபோது டீ குடித்து முடித்திருந்தார்கள். ஸ்டெனோ தணிகாசலம் மடிக்கணினியைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். "...உப்பளச் சுமைப்பணி நடுத்தர வேலையாக வகைப்படுத்தப்படுகிறது. இது நிபுணர் உறுப்பினர் டாக்டர் ஜெசிந்தா அவர்களின் முழு ஒப்புதலோடு..." முழு ஒப்புதலோடு. அவள் தன் இடத்துக்குப் போகவில்லை, போனால் உட்கார்ந்துவிடுவோம், உட்கார்ந்தால் தொலைந்தோம் என்று கதவுப் பக்கமே நின்றாள். "சார், அதை எடுத்துடுங்க," என்றாள். குரல் சின்னதாக வந்தது, யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். சந்தானகோபாலன் நிமிர்ந்தார். "எதை மேடம்?" "என் ஒப்புதலை. எனக்கு ஒப்புதல் இல்லை. அது கனமான வேலை." பொன்னுலிங்கம் கோப்பையை வைத்தார். "என்ன மேடம் இது, எல்லாரும் பாக்கத்தான தலையாட்டினீங்க?" "ஆட்டினேன்." "அப்பம் அதுக்குள்ள என்ன மாறிச்சு? வெளிய போய் புதுசா எதுவும் ஆராய்ச்சி பண்ணிட்டு வந்தீங்களா?" யாரோ சிரித்தார்கள். சந்தானகோபாலன் தன்மையாகக் கேட்டார், "ஒரு காரணம் வேணுமே மேடம். பதிவுல வந்துடுச்சு. எதனால அப்போ சரின்னீங்க, எதனால இப்போ இல்லைங்கறீங்க?" தரவுகளை மறுபரிசீலனை செய்ததில் என்பது நாக்கு நுனிவரை வந்தது, அழகான வாக்கியம், யாருக்கும் கூசாத வாக்கியம், அறிக்கையில் இருக்கிற அந்த வாக்கியத்துக்குக் கூடப்பிறந்தது. அம்மா எங்கிருந்தோ, ஏட்டி, வாய மூடு, என்றாள். காது மடல் கொதித்தது, கழுத்தில், முதுகில், உள்ளங்கையில் வியர்த்தது, பதினெட்டு டிகிரியில் மனுஷ உடம்பு இப்படி வியர்க்கும் என்று அவள் எங்கேயும் படித்ததில்லை.

"எனக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சு சார்," என்றாள் ஜெசிந்தா. "ரொம்ப நேரமா அடக்கிட்டு இருந்தேன். எல்லாரையும் எழுப்பிட்டுப் போக வெக்கமா இருந்தது. எப்படியாவது வெளிய போனாப் போதும்னு தலையாட்டிட்டேன். வேற காரணமே கிடையாது." சொல்லிவிட்டாள். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் கைபேசியை எடுத்தார், பொன்னுலிங்கம் தன் சுண்டுவிரல் மோதிரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம், பிளக்கவில்லை. தணிகாசலம் தலைவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "இதை எப்படிம்மா எழுதறது?" "இதெல்லாம் பதிவுல வேண்டாம்," என்றார் சந்தானகோபாலன் அவசரமாக, அவருக்கும் முகம் சிவந்திருந்தது. "முடிவு ஒத்திவைக்கப்பட்டதுன்னு போட்டுக்கோங்க. அடுத்த கூட்டத்துல மேடம் தன் படத்தையெல்லாம் காட்டட்டும். போதும்தானே மேடம்?" போதும் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கலாம். உட்காரத்தான் நினைத்தாள். கவிழ்த்துவைத்த அறிக்கை அவள் இடத்தில் அப்படியே கிடந்தது. "இன்னொண்ணு இருக்கு சார். என் அறிக்கையில ஒரு வரி, பொம்பளைங்களுக்குத் தண்ணி குடிக்கற விழிப்புணர்வு இல்லைன்னு. அது பொய். உண்மை என்னன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், எழுத வெக்கப்பட்டுக்கிட்டு அப்படி எழுதினேன். அதையும் எடுக்கணும்." தணிகாசலம் மடிக்கணினியில் அறிக்கையைத் திறந்து, பக்கத்தைத் தேடி எடுத்து அந்த வரியை அழித்தார். "எடுத்தாச்சும்மா. அந்த இடத்துல என்ன போட?"

"ஒதுங்க இடமில்லைன்னு போடுங்க," என்றாள். அவர் தட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.